பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

மேற்புறநகர் பள்ளிக் கூடைப்பந்துக் கழகத்தில் ஐந்து வருஷமாக எந்தப் பிள்ளைக்கும் தலையில் அடிபட்டதில்லை. கை உடைந்திருக்கிறது, கணுக்கால் பிசகியிருக்கிறது, ஒரு பையனுக்கு முன்பல் இரண்டு கழன்று ரெஃப்ரியின் காலடியில் விழுந்திருக்கிறது. தலையில் மட்டும் கிடையாது. பல் தலையில் சேருமா என்று கழகம் ஒரு அவசரக் கூட்டம் போட்டு, சேராது, பல் வாயைச் சேர்ந்தது என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் இருபத்தாறு பள்ளிக்கூடம். அத்தனை தலையும் பத்திரம்.

இந்தப் பெருமைக்காக ஒரு கேடயம் தயாராகியிருந்தது. ‘தலைக்காயமில்லா மண்டலம் - ஐந்தாம் ஆண்டு’ என்று பித்தளையில் எழுதி, வெல்வெட் ஒட்டி, நல்ல கனமாகச் செய்திருந்தார்கள். கழகமே செய்து, கழகமே வழங்கி, கழகமே பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. அந்த விழா நடக்கவிருந்த சனிக்கிழமை, பாரிவாக்கம் பக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில், பதினொன்றரை மணி வெயிலில், லோகநாதனின் மகள் தேவிப்பிரியா வளையத்தில் பட்டுத் தெறித்த ரீபவுண்டுக்கு எகிறினாள்.

எதிரணிப் பெண்ணின் முழங்கை நெற்றிப்பொட்டில் இடித்தது. தேவிப்பிரியா மல்லாக்க விழுந்தாள். சிமென்ட் தரை. பின்மண்டை தரையில் மோதிய சத்தம் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்றிருந்த லோகநாதனுக்குக் கேட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவன் அவன். இரும்பு விழுகிற சத்தத்தை வைத்தே எது பாழ், எது தேறும் என்று சொல்லிவிடுவான். இந்தச் சத்தத்துக்குக் காது ஒன்றும் சொல்லவில்லை.

அவள் தானாகவே எழுந்தாள். கூட்டம் கை தட்டியது. எழுந்தவள் நேராக நடந்து போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தாள். நல்ல பிள்ளைகள், நகர்ந்து இடம் விட்டார்கள்.

லோகநாதன் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினான். “இன்னாம்மா? வலிக்குதா?”

“ப்பா, நீ எப்ப வந்த?”

சேக்காட்டு வீட்டிலிருந்து இவனுடைய பைக்கில்தான் காலையில் வந்தாள். வழியில் இட்லி வாங்கித் தந்தவனும் இவன்தான்.

“மேட்ச் எப்பப்பா ஆரம்பிக்கும்?” என்றாள் அடுத்தபடியாக. மூன்றாவது குவார்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் பள்ளியின் பி.டி. டீச்சர் ராதிகா மிஸ் வந்தாள். தேவிப்பிரியாவின் முகத்தைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தாள். பார்த்தவளின் முகம் மாறியது. “அண்ணே, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நான் வேற பொண்ண எறக்கிக்கறேன்” என்றாள்.

சரியான பேச்சு. அன்றைக்கு அந்த மைதானத்தில் பேசப்பட்ட ஒரே சரியான பேச்சும் அதுதான். அது முடிவதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது.

“யாரும் வீராங்கனையைத் தொட வேண்டாம். நெறிமுறை அமலுக்கு வந்துவிட்டது.”

மைதானத்து ஓரத்தில் ஷாமியானா. அதன் கீழ் நீள மேஜை, வெள்ளைத் துணி, தண்ணீர் பாட்டில்கள், மடித்து அடுக்கிய பொன்னாடைகள். மேஜைக்குப் பின்னால் தலைக்காயக் குழு. மைக்கைப் பிடித்திருந்தவர் கழகத்தின் செயலாளர் ஹேமநாதன். நடு நாற்காலியில் தலைவர் ஜெகதீஷ். குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் வருகிறது என்று பேச்சு கிளம்பிய நாளிலிருந்து அந்தப் பக்கம் மனை பிரித்து விற்கிறவர். ஆட்டம் நடக்கையில் ஒரு டாக்டர் மைதானத்தில் இருக்க வேண்டும் என்பது நெறிமுறையின் முதல் விதி. தலைவர் கௌரவ டாக்டர். ஆகையால் முதல் விதி எப்போதும் பூர்த்தியாகியே இருந்தது.

லோகநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “சார், கொயந்தைக்கு மண்டைல அடிபட்டுக்கீது சார். இட்டுகினு போறேன்.”

“அடிபட்டிருக்குன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?” என்றார் ஹேமநாதன்.

“பாத்தேன் சார். நீங்களும்தான பாத்துகினு இருந்தீங்க?”

“நான் பார்த்தது விழுந்ததை. விழறது வேற, அடிபடறது வேற. ரெண்டுக்கும் நடுவுல நெறிமுறை இருக்கு.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகவே விளக்கினார். விழுந்த வீராங்கனைக்கு உடனே பன்னிரண்டு கேள்வி. ஒன்பதுக்குக் குறைவாகப் பதில் சொன்னால் தலைக்காயம்; அப்போதே வெளியே அனுப்பிவிடலாம். ஒன்பதோ அதற்கு மேலோ சொன்னால் ஐயம் நீங்கியது. அப்போதே களத்தில் இறங்க வேண்டும். ஐயம் நீங்கியவளை உட்கார வைக்கிற அணி, கழகத்தை நம்பாத அணி. அதைத் தோற்றதாக அறிவித்து, தொடரிலிருந்தும் நீக்கிவிடுவார்கள்.

“இதை நாங்களா உண்டாக்கலை. வெளிநாட்டுல ஒரு கார்டு வச்சிருக்கான். எந்த மைதானம், எத்தனாவது குவார்ட்டர், கடைசியா யார் கூடை போட்டா, இதான் கேள்வி. படிச்சுட்டு எங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இதெல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுற விஷயம். மாறுறத வச்சு மூளையை எப்படி அளக்கறது? மாறாத விஷயமா கேக்கணும். நம்ம மண்டலத்துல மாறாதது என்னன்னு மூணு நாள் உட்கார்ந்து யோசிச்சோம்.” ஹேமநாதன் மேஜையை வலமிருந்து இடமாகக் கையால் காட்டினார். “நிர்வாகிகள்தான்.”

மேஜையிலிருந்தவர்கள் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தேவிப்பிரியாவை மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்கள். வெயில் கூசுகிறதென்று கண்ணுக்கு மேல் கையை வைத்திருந்தாள். அதைச் சல்யூட் என்று நினைத்துத் தலைவர் தலையசைத்தார்.

“கேள்வி ஒன்று. கழகத் தலைவரின் பெயர், பட்டங்களுடன்.”

லோகநாதனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. தெரியாது என்று சொல்லிவிடுவாள், பைக்கைக் கிளப்ப வேண்டியதுதான்.

தேவிப்பிரியா கையை இறக்கினாள். முதுகு நிமிர்ந்தது. குரல் மேடைக் குரலானது. “விளையாட்டு வள்ளல், கூடைப்பந்துக் கோமான், மனைப் பிரிவுகளின் மாமணி, டாக்டர் ஜெகதீஷ் அவர்கள்.”

லோகநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டம் முடிந்ததும் நடக்கும் கேடய விழாவில் வரவேற்புரை வாசிக்கப் போகிறவள் இவள்தான். இரண்டு பக்கம். ஒரு வாரமாகச் சேக்காட்டு வீட்டில் கேஸ் சிலிண்டரைச் சிறப்பு விருந்தினராக நிறுத்தி வைத்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மண்டைக்குள் இருந்ததெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. மனப்பாடம் மட்டும் ஆடாமல் அசையாமல் அப்படியே இருந்தது.

தலைவர் எத்தனையாவது முறையாக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்? ஆறாவது. துணைத் தலைவர்கள் எத்தனை பேர்? ஒன்பது. கழகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய நாள்? சொன்னாள். கட்டடம் எங்கே என்பது கேள்வியில் இல்லை. பன்னிரண்டாவது கேள்வி, இன்றைய விழாவில் போர்த்தப்படும் பொன்னாடைகள் எத்தனை. பதினேழு என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

“பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு!” ஹேமநாதனின் குரல் தழுதழுத்தது. “கழக வரலாற்றில் அடிபடாதவர்கள்கூட எடுக்காத மதிப்பெண்!”

கூட்டம் மறுபடியும் கை தட்டியது.

“சார், இன்னா கெயமைன்னு கேளுங்க சார்” என்று லோகநாதன் முன்னால் வந்தான். “பாப்பா, இன்னிக்கு இன்னா கெயமை?”

“புதன்” என்றாள் தேவிப்பிரியா.

“பாத்தீங்களா சார்!”

“கிழமை பாடத்திட்டத்துல இல்லை” என்றார் ஹேமநாதன்.

லோகநாதன் சண்டைக்காரன் இல்லை. மெஷின் இரைச்சலில் கையாலேயே பேசிப் பழகியவன். வெளியே வந்தாலும் பத்து வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசமாட்டான். ஆனால் மகள் மறுபடி அந்தச் சிமென்ட் தரையில் இறங்கப் போகிறாள். இன்னொரு முழங்கை, இன்னொரு சத்தம். அதை நினைத்து ஒரு யோசனை சொன்னான். “சார், இதே கேள்விய மத்த பொண்ணுங்களையும் கேளுங்க. அடிபடாத கொயந்தைக்கு இது தெரியுமா பாப்போம்.”

குழு கூடிப் பேசி ஒப்புக்கொண்டது. களத்திலிருந்த மற்ற ஒன்பது பெண்களும் வரிசையில் வந்தார்கள். முதல் பெண் தலைவர் பெயரைத் தெரியாது என்றாள். இரண்டாவது பெண் ஹேமநாதனைத் தலைவர் என்றாள். அவர் உடனே மறுக்கவில்லை, சற்றுக் கழித்து மறுத்தார். ஆறாவது பெண் பொன்னாடை என்றால் என்ன என்று கேட்டாள். ஒருத்தியும் இரண்டைத் தாண்டவில்லை. ரெஃப்ரியையும் கேட்டுப் பார்த்தார்கள். பதினாறு வருஷமாக இந்தக் கழகத்துக்கு விசில் ஊதுகிறவர். மூன்று.

விதிப்புத்தகத்தை ஹேமநாதன் இரண்டு தரம் முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு மைக்கில் அறிவித்தார்.

“விதிப்படி, களத்தில் உள்ள ஒன்பது வீராங்கனைகளுக்கும் நடுவருக்கும் தலைக்காயம். ஆடத் தகுதியுள்ளவர் தேவிப்பிரியா ஒருவரே. அவர் தனியாக ஆட்டத்தைத் தொடரலாம். எதிரணி இல்லாததால் அவருக்கு வெற்றி வாய்ப்பு பிரகாசமாக உள்ளது.”

தலைவர் ஹேமநாதனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். காதில் ஏதோ சொன்னார். இருவரும் சேர்ந்து கேடயத்தைப் பார்த்தார்கள். தலைக்காயமில்லா மண்டலத்தில் ஒரே காலையில் பத்துத் தலைக்காயம்.

ஐந்து நிமிஷத்தில் திருத்தம் வந்தது. விழாதவர்கள் மீது ஐயம் எழவில்லை. ஐயம் எழாதவர்களுக்குத் தலைக்காயம் வராது. அவர்களுக்கு வந்திருப்பது பொது அறிவுக் குறைபாடு. அதற்குக் கழகம் பொறுப்பல்ல, அந்தந்தப் பள்ளிக்கூடம்தான் பொறுப்பு. ஆட்டம் பத்து நிமிஷத்தில் தொடரும்.

“அப்ப நான் சொல்றேன் சார்” என்றான் லோகநாதன். “பெத்தவன் நானு. என் பொண்ணு ஆடக் கூடாது.”

“காப்பாளர் மறுப்புச் சொல்ல இடம் இருக்கு” என்று ஹேமநாதன் சந்தோஷப்பட்டார். தங்கள் நெறிமுறையில் இடமிருப்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது. “காப்பாளர் தெளிவான மனநிலையில இருக்கணும். அவ்வளவுதான். கேள்வி ஒன்று. கழகத் தலைவரின் பெயர், பட்டங்களுடன்.”

ஒரு வாரம் சிலிண்டர் காதில் விழுந்ததெல்லாம் லோகநாதன் காதிலும் விழுந்ததுதான். அவன் வாயைத் திறந்தான். “விளையாட்டு... விளையாட்டு...” என்றான். வேறு எதுவும் வரவில்லை. பன்னிரண்டுக்கு அரை. காப்பாளரின் சுயநினைவு ஐயத்துக்குரியது என்று எழுதி, அவனிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

ராதிகா மிஸ் அவனை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனாள். “அண்ணே, பாப்பா உள்ள போனா நான் பந்தையே அவ கிட்ட குடுக்க விடமாட்டேன். ஆனா பக்கத்துல ஆளு வந்து மோதுறத நான் எப்படித் தடுக்கறது? நீங்க இழுத்துக்கிட்டு ஓடிடுங்க. டீம் போனா போவட்டும்.”

“நான் போவலன்னா டீம் அவுட்டு மிஸ்” என்றாள் தேவிப்பிரியா. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எழுந்து நிற்கப் பார்த்தாள். தரை சாய்ந்ததுபோல் தடுமாறி மிஸ்ஸின் தோளைப் பிடித்தாள்.

லோகநாதன் அணியின் மற்ற ஏழு பெண்களைப் பார்த்தான். ஜூன் மாசத்திலிருந்து காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஓடுகிற பிள்ளைகள். திரும்பிப் போய் மேஜை முன்னால் நின்றான். “சார், மறுமதிப்பீடு கீதா?”

ஹேமநாதனின் முகம் மலர்ந்தது. இருந்தது. மறுகூட்டல், மறுமதிப்பீடு, மறுதேர்வு, மூன்றும் இருந்தன. “ஆனா பன்னிரண்டுக்கு மேல எப்படிப் போட முடியும்?”

“மேல வாணாம் சார். கொறைக்கணும்.”

மார்க்கைக் குறைக்கச் சொல்லி ஒரு தகப்பன் விண்ணப்பம் போடுவதை அந்த மேஜை அதுவரை கண்டதில்லை. யாருக்கோ கண் கலங்கியது. தலைவரே மறுதேர்வு நடத்துவதாகப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். அதற்கு முன் மரபுப்படி அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். தங்கக்கரை போட்டது, பதினேழில் உசத்தியானது.

அந்த இடைவேளையில் லோகநாதன் மகளின் பக்கத்தில் குந்தினான். “யம்மா, நான் சொல்றத கேளு. அந்த ஆளு இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடு.”

“தெரியுமேப்பா.”

“தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லு.”

“தெரிஞ்ச ஆன்சர எப்படிப்பா தப்பா சொல்றது? மார்க் போயிடும்ல?”

“போவட்டும்மா. போனாத்தான் ஊட்டுக்குப் போவலாம்.”

“நீதானப்பா சொல்லுவ, தெரிஞ்சதுல கோட்ட வுடாதன்னு?”

சொல்லியிருக்கிறான். பத்தாவது பரீட்சைக்கு முந்தின நாள் சொன்னான், போன மாதப் பரீட்சைக்கும் சொன்னான். பதினோரு வருஷமாக அவளை ஒரு பதிலும் விடாமல் எழுதச் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, இன்றைக்கு வெயிலில் குந்திக்கொண்டு ஃபெயிலாகச் சொல்லிக் கெஞ்சுகிறான். அவனுக்குத் தன் மேலேயே அலுப்பாக வந்தது.

“ஒரே ஒரு தபாம்மா” என்றான். “நைனாவுக்காக.”

அவள் அவனையே பார்த்தாள். கண்கள் ஒன்றிலும் நிலைக்காமல் வழுக்கின. “முகம் ரெண்டா தெரியுதுப்பா” என்றாள்.

தலைவர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அவள் எதிரில் நின்றார். புகைப்படக்காரருக்காகச் சற்றுக் குனிந்து, கனிவாக முகத்தை வைத்துக்கொண்டார். “பாப்பா, பயப்படாமச் சொல்லு. நான் யாரு?”

தேவிப்பிரியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். லோகநாதன் உதட்டை அசைத்துத் ‘தெரியாது’ என்றான். அவள் உதடு ‘தெ’ என்று பிரிந்தது. பின்னால் ஒரு பெண் “தேவி, சொல்லுடி, உனக்குத்தான் தெரியுமே!” என்று உற்சாகப்படுத்தினாள். அவ்வளவுதான், முதுகு நிமிர்ந்துவிட்டது.

“விளையாட்டு வள்ளல்,” என்று ஆரம்பித்தாள். “கூடைப்பந்துக் கோமான், மனைப் பிரிவுகளின்...”

மாமணிக்கு வரும்போது காலையில் தின்ற இட்லியும் வந்தது. முழுசாக வந்தது. தங்கக்கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வந்தது.

ராதிகா மிஸ் ஓடிவந்து தலையைத் தாங்கிப் பிடித்தாள். “சார், வாந்தி எடுக்கறா! மண்டையில அடிபட்டு வாந்தி எடுத்தா அதுக்கு மேல என்ன சார் வேணும்?”

ஹேமநாதன் கையை உயர்த்தினார். “வாந்தி வயிற்றைச் சேர்ந்தது. இதைத் தலைக்காயமாகக் கொள்ள முடியாது.” பிறகு தலைவரைப் பார்த்தார். தலைவர் பொன்னாடையைப் பார்த்துக்கொண்டு, கைகளை அகல விரித்தபடி, பறக்கப் போகிற கொக்கு மாதிரி நின்றிருந்தார். ஹேமநாதனின் குரலில் முதல் தடவையாக உஷ்ணம் ஏறியது. “ஆனால் தலைவரின் பொன்னாடைக்கு நேர்ந்தது ஒழுங்கீனம். அதற்கு விதி இருக்கிறது.”

அங்கேயே உத்தரவு எழுதினார்கள். இருபத்தொரு நாள் தண்டனை. அந்த நாட்களில் வீராங்கனை பந்தைத் தொடக் கூடாது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. மைதானத்து இரைச்சலின் பக்கமே வரக் கூடாது. வீட்டில் அமைதியாக இருந்து வருந்த வேண்டும். தண்டனை பெற்றவளுக்குப் பதிலாக அணி வேறொருத்தியை இறக்கிக்கொள்ளலாம்.

ராதிகா மிஸ் உத்தரவை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். “வேற யாரையாவது எறக்கலாமா சார்?” என்று கேட்டாள், நம்பாமல்.

“தாராளமா. ஒழுங்கீனத்துக்கு எங்க கழகத்துல இடமில்லை.”

லோகநாதன் கும்பிட்டான். எதற்குக் கும்பிட்டான் என்று அவனுக்கே விளங்கவில்லை. மகளை நடுவில் உட்கார வைத்து, பின்னால் மாற்று ஆட்டக்காரியின் அம்மா பிடித்துக்கொள்ள, பைக்கை மெதுவாக உருட்டினான். அவர்கள் ஆவடி ஆஸ்பத்திரியை எட்டியபோது பாரிவாக்கத்தில் கேடயம் வழங்கப்பட்டுக்கொண்டிருந்தது. தலைக்காயமில்லா ஐந்தாவது வருஷம்.

டாக்டர் தாட்சாயிணி நிஜ டாக்டர். ஸ்கேன் எடுத்தார், ரத்தம் கசியவில்லை என்றார், மூளை அதிர்ந்திருக்கிறது, ராத்திரி முழுக்கக் கவனமாகப் பாருங்கள் என்றார். “இனிமே ரெஸ்ட்தான் மருந்து. பந்து கூடாது, ஓட்டம் கூடாது, சத்தம் கூடாது. மூணு வாரம் கிரவுண்டு பக்கமே போகக் கூடாது. கேக்குறீங்களா?”

லோகநாதன் சட்டைப் பையிலிருந்து உத்தரவை எடுத்துக் கொடுத்தான். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அவருக்கு ஆச்சரியம். “யாருங்க எழுதினது? எங்க ஜூனியருங்களுக்கே இவ்வளவு கரெக்டா எழுத வராது. நல்ல ஆளுங்க கையிலதான் பிள்ளையை விட்டிருக்கீங்க.”

லோகநாதன் உத்தரவை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பேச ஆரம்பித்தால் கேஸ் சிலிண்டரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதல் வாரம் அவளுக்கு ட்யூப் லைட் ஆகவில்லை. வீட்டை இருட்டாக வைத்திருந்தார்கள். இரண்டாவது வாரம் புத்தகத்தில் எழுத்துகள் நீந்துவது நின்றது. மூன்றாவது வாரம் சிரித்தாள், சண்டை போட்டாள், சனிக்கிழமையைச் சனிக்கிழமை என்றாள். ஆனால் மாடிப்படி வேகமாக ஏறினால் மண்டைக்குள் யாரோ தட்டுவதாகச் சொன்னாள். டாக்டர் தாட்சாயிணி இன்னும் ஒரு வாரம் என்றார்.

அங்கேதான் சிக்கல். வெள்ளியோடு தண்டனை முடிகிறது. சனியன்று அடுத்த ஆட்டம். தண்டனை முடிந்தவர் முதல் ஆட்டத்திலேயே இறங்கித் தான் திருந்தியதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அணியே நீக்கம்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு லோகநாதன் பூந்தமல்லிக்குப் போனான். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் கழக அலுவலகம். ஹேமநாதன் இருந்தார். ஓரத்து மேஜையில் நிஷா என்ற பெண் நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். லோகநாதன் டாக்டர் சீட்டை நீட்டினான்.

ஹேமநாதன் அதை விரல் நுனியால் தள்ளினார். “இதுல ‘தலை’ன்னு போட்டிருக்கே. இதை நான் வாங்கினா ஃபைல்ல வைக்கணும். வச்சா கேடயத்தைத் திருப்பித் தரணும். யார் கிட்ட தர்றது? எங்க கிட்டதான். அதுக்கு ஒரு விழா எடுக்கணும். காய்ச்சல்னு வாங்கிட்டு வாங்களேன்.”

“டாக்டரம்மா பொய் எழுதித் தர மாட்டாங்க சார். எழுதினாலும் எத்தினி நாள் தருவீங்க?”

“காய்ச்சலுக்கு மூணு நாள்.”

“எனக்கு ஏழு நாள் ஓணும் சார்.” லோகநாதன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “தண்டனைய இன்னும் ஒரு வாரம் நீட்டிக் குடுங்க.”

“புதுசா குத்தம் செஞ்சாத்தான் புதுசா தண்டனை.” ஹேமநாதன் அவன் முகத்தைப் பார்த்தார். உதவி செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். “தாமதமா வர்றது ரெண்டு நாள். சீருடை இல்லாம வர்றது நாலு. ஆங், அதிகாரியை அவமதித்தல். ஏழு நாள். காப்பாளர் செஞ்சாலும் வீராங்கனை பேர்லயே சேரும்.”

“அதையே போட்டுக்கங்க சார்.”

“எப்படிப் போடறது? நீங்க அவமதிக்கவே இல்லையே.”

“இப்ப செய்றேன். இன்னா சொல்லணும்?”

“அதை நான் சொல்லித் தர முடியாது. உள்ளத்துலேர்ந்து வரணும். நிஷா, எழுதிக்கம்மா.”

லோகநாதன் தொண்டையைச் செருமினான். “நீங்க பண்றது நல்லால்ல சார்.”

“இது கருத்து. கருத்துக்கு எச்சரிக்கைதான்.”

“உங்களுக்கு... உங்களுக்கு அறிவில்ல சார்.”

ஹேமநாதன் வருத்தத்தோடு தலையாட்டினார். “கடைசியில ‘சார்’ இருக்கு பாருங்க. மரியாதையை உள்ள வச்சுக்கிட்டு அவமதிச்சா செல்லாது. முயற்சி பண்றீங்க, தெரியுது. மனசுல ஏதாவது இருந்தா...”

லோகநாதன் நிமிர்ந்து பார்த்தான். சுவரில் கேடயம் மாட்டியிருந்தது. பின்மண்டை சிமென்டில் விழுந்த சத்தம் இன்னொரு தரம் கேட்டது. இருட்டு வீட்டில் ஒரு வாரம் மகளின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. நாற்காலியை விட்டுக் கையை எடுத்தான். பிறகு பேச ஆரம்பித்தான். அம்பத்தூர் எஸ்டேட்டின் பிரஸ் இரைச்சலுக்கு மேல் கேட்கிற குரல் தன்னிடம் இருப்பது அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது வாக்கியத்தில் நிஷா பேனாவை மூடி வைத்தாள். கீழே ஜெராக்ஸ் மெஷின் நின்றது. ஏழு நாளுக்கு முதல் வாக்கியமே போதும், போதும் என்று ஹேமநாதன் இரண்டு கையையும் ஆட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். லோகநாதன் நிறுத்தவில்லை.